சுண்ணாம்பு கேட்பவள்

எண்ணூர் ரோட்டில் ட்ரெய்லர்கள் நகராத இரவுகளில்
க்ளீனர் பசங்க பேச்சு கடைசியில் அவளிடம்தான் வரும்.
திருச்சினாங்குப்பம் தாண்டி
கடலுக்குக் கல் கொட்டிய வளைவில் நிற்பாளாம்.
வெள்ளைச் சேலையெல்லாம் கிடையாது,
நைட்டி மேலே துண்டு.

சுண்ணாம்பு கேட்பாள்.
விரலால் கொடுத்தால் விரலோடு போச்சு.
இரும்பில் வைத்து நீட்டு,
ஸ்பேனரோ ஜாக்கி லீவரோ.
அதுகளுக்கு இரும்பு ஆகாது.

பேர் சொல்லிக் கூப்பிட்டால்
முதல் தடவை வாயைத் திறக்காதே.
ரெண்டாவதுக்கும் கம்முனு இரு.
மூணாவது தடவையும் கூப்பிட்டால் மனுசன்.
பேய்க்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

இதெல்லாம் எங்களுக்குச் சொன்னது லாசர்.
தட்டுகிற சத்தத்திலேயே
எந்த டயரில் காற்று இறங்குதென்று சொல்லிவிடுவான்.

அவனுக்கு அவள் மாத்திரை அட்டையில் வந்தாள்.
கரைத்தால் வெள்ளை,
வெற்றிலையில் தடவுகிற அதே வெள்ளை.
சொன்ன சொல் தப்பாமல்
இரும்பு முனையில் வைத்துத்தான் நீட்டினான்.
அந்த இரும்பு வழியாகவே உள்ளே வந்துவிட்டாள்.

புளியமரத்தில் ஆணி அடித்தால் ஒன்று அடங்குமாம்.
அவன் முழங்கை மடிப்பில்
எத்தனை ஆணித் தழும்பு, எண்ணியிருக்கிறேன்.

தங்கச்சி கொலுசு வீட்டில் காணாமல் போன வாரம்
"நடுராத்திரி கொலுசு சத்தம் கேக்குது மச்சான்" என்று
சும்மா ஓட்டினோம்.
அவன் மட்டும் காதைப் பொத்திக்கொண்டான்.

ரெஜினாம்மா ஜெப எண்ணெய் பூசினாள்.
தர்கா தாயத்தும் கட்டினாள்.
எதனாலோ தெரியாது, விட்டுவிட்டான்.
நாற்பத்தொரு நாள்.
கன்னத்தில் கொஞ்சம் சதை போட்டிருந்தது.

நாற்பத்தொன்றாவது ராத்திரி
அவன் ஜன்னலுக்குக் கீழே,
சாக்கடைப் பலகை மேலே
நின்றிருந்தது அவளில்லை.
எனக்குத்தான் கை நடுங்கியது.
தனியாகப் போட பயம்,
பாதிக் காசும் குறைந்தது.

"லாசரு, கொஞ்சம் வெளிய வாடா."

ஒரே தடவைதான் கூப்பிட்டேன்.
லைட் எரிந்தது.
எல்லோருக்கும் சொன்னவன்,
என் குரலுக்கு எண்ணிப் பார்க்கவில்லை.

நேற்று டோல்கேட் பஸ் ஸ்டாப்பில்,
கூட்டத்துக்குப் பின்னாலிருந்து:
"தேசிங்கு."
நான் செருப்பைப் பார்த்தேன்.
"யப்பா, தேசிங்கு."
பஸ் வந்தது. ஏறினேன்.
படியில் நிற்கும்போது இன்னொரு தடவை,
கொஞ்சம் மெதுவாக.

மூன்று தடவை.
ரெஜினாம்மா மனுசிதான்.

முழுக்கைச் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு
உள்ளே நகர்ந்தேன்.