எண்பத்தேழில் ஒன்று

வாரம் ஆறு நாள்
செம்பனை ஆலையில் லாரி நிறுப்பவள் நான்.
குலையோடு ஒரு தடவை, காலியாக ஒரு தடவை.
கழித்து எழுதினால் சம்பளம்.
ஏழாம் நாள்
எல்லாவற்றையும் எண்பத்தேழால் வகுக்கிறேன்.

லோக்கின் டயர் கடைக்கு மேல்மாடி.
தகரக் கூரை கொதிக்கிறது.
எட்டடிக்கு நாலடிப் பலகையில்
எங்கள் பஹாவ்.

இருபத்தொன்பது அடிக்கு ஒரு மரம் என்பது தோட்டக் கணக்கு;
பலகையில் சரியாக நான்கு அங்குலம்.
கம்பி முறுக்கி, பச்சை நார் கிழித்து
தொண்ணூற்றாறு நட்டாயிற்று.
நூறாக்க வேண்டும் என்கிறேன்.
இடமில்லை, அங்கே தன் கடை வருகிறது என்கிறான் லோக்.
சாலைக்குத் தார் அவன் கடைத் தூள்தான்:
பாலாய் வடிந்து, டயராகி, ஓடித் தேய்ந்து
மறுபடி தோட்டத்துக்கே வந்து கிடக்கிறது.

ரஸ்லானுக்கு ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் வேலை.
ஊசி கழற்றிய சிரிஞ்சில் பசை நிரப்பி
தண்டவாளத்துக் கல்லுக்குச் சொட்டுச் சொட்டாக ஏற்றுவான்.
அந்த நேரம் யாரும் தும்மக் கூடாது.

பயணிகள் ஜெர்மனியிலிருந்து வந்தார்கள்.
ஆறு பேர், எழுபத்தெட்டு வெள்ளி.
எல்லாருக்கும் குளிர்கோட்டு.
ஒருவன் தோளில் பனிச்சறுக்குக் கட்டை, பாவம்.
கோட்டைச் சுரண்டிக் கைலி கட்டினேன்.
கட்டையின் நுனியில் கம்பி வளைத்தேன்;
குலை வெட்டப் போகிறான் இப்போது.
தொப்பிக்காரியின் தொப்பியைச் சீவிக் கொண்டையாக்கி
மஞ்சள் புடவை.
முகங்களுக்கு மூன்று பூச்சு,
எந்த இருவரும் ஒரே கறுப்பில்லை.
அவள் கையிலிருந்த நாய்க்குட்டியை மட்டும்
எடுக்க மனம் வரவில்லை.
நாயோடு ரயிலேற எந்த கார்டு விடுவான் என்று
ரஸ்லான் இன்னும் கேட்கிறான்.

மூன்று ஞாயிறு
ரயில் ஒரே இடத்தில் நின்றது,
தடம் பிரிகிற இடம், என் எடைமேடைக்கு எதிரே.
சக்கரத்தில் அழுக்கு என்றான் லோக்.
கம்பியில் கோளாறு என்றான் ரஸ்லான்.
பூதக்கண்ணாடியோடு நான் குப்புறப் படுத்துப் பார்த்தேன்:
கட்டெறும்பு, நசுங்கி, இரண்டு இரும்புக்கு நடுவே.
எண்பத்தேழால் பெருக்கினால் ஓர் ஆடு.
ஆடு அடிபட்டால் ரயில் நிற்கத்தானே செய்யும்!

போன வாரம் ஓடியது.
ஒரு சுற்று, இரண்டு சுற்று,
ஏழாவது சுற்றில் இடி இறங்கி
ஊர் முழுக்கக் கரண்டு போனது.
கைப்பேசி வெளிச்சத்தில் பார்த்தால்
பாதி வழியில், செம்பனைக்குள்
ரயில்.
ஆறு மணிக்கு வருமோ, நாளைக்கு வருமோ.
லோக் கீழே கதவை இழுக்கப் போனான்.
ரஸ்லான் மோட்டார் சாவியைத் தேடினான்.
ஒருவரும் படியிறங்கவில்லை.

"தள்ளிவிடலாமா?" என்றான் லோக்.
என்ஜினைத் தள்ளக் கூடாது, உள்ளே பல்சக்கரம் கெடும்.
அது எங்கள் மூவருக்குமே தெரியும்.
கொக்கியை நகத்தால் கழற்றி
பெட்டிகளை மட்டும்
ஒவ்வொன்றாக விரலால் உருட்டினோம்.
வளைவில் ரஸ்லான் மூச்சைப் பிடித்துக்கொண்டான்.
நாய்க்காரி கடைசிப் பெட்டி.
நடைமேடையின் நடுவில் சரியாக நிறுத்தும்வரை
லோக் வெளிச்சம் பிடித்தான், கை நடுங்காமல்.
என்ஜின் காட்டிலேயே கிடந்தது.

நனைந்து வீடு வந்தேன்.
குணாளன் மெழுகுவத்தியில் மாகி கிளறிக்கொண்டிருந்தார்.
வழக்கமான ஒரே கேள்வி:
"இன்னைக்கு ஓடிச்சா?"

"எல்லாரும் இறங்கிட்டாங்க"
என்றேன்.