ஏழு பவுண்டு

புறப்படுமுன் ஹ்ரூஸ்கா எல்லாப் பைகளையும்
மீன் நிறுக்கும் தூக்குத் தராசில் மாட்டிப் பார்த்தார்.
லோர்னாவுக்கு முப்பத்தொன்று. எனக்கு முப்பத்தாறு.
எம்மெட்டுக்கு முப்பத்து மூன்று,
அவன் அம்மா திணித்துவிட்ட இரண்டு குடைகளும் சேர்த்து.
மலைக்குக் குடையா என்று
அவனைத் தவிர பதினோரு பேரும் சிரித்தோம்.

நெப்ராஸ்காவில், எங்கள் ஊரில்,
தரையை விட்டு எழுந்தவை இரண்டுதான்:
சோளக் குதிர், லுத்தரன் கோயில் மணிக்கூண்டு.
வயோமிங் மலைகளை வேன் கண்ணாடியில் பார்த்தபோது
யாரோ வானத்தின் ஓரத்தைக் கிழித்துவிட்டுத்
தைக்காமல் போனதுபோல் இருந்தது.

எடை போட்டு முடிந்த பிறகுதான்
அந்தக் கல்லை வைத்தேன்.
ஓடைக் கரையில் கிடந்தது. சாம்பல் நிறம், நடுவில் ஒரு வெள்ளை வரி.
ஏழு பவுண்டு இருக்கும்,
பிறந்த பிள்ளையின் கனம்.
எம்மெட் புதருக்குப் பின்னால் ஒதுங்கியிருந்தான்.
பையின் அடியில், மழைச்சட்டைக்கும் கீழே வைத்தேன்.
கோல்பி பார்த்தான், கண்ணடித்தான்.
முதல் முகாமிலேயே எடுத்துக் காட்டிச் சிரிப்பதாகத் திட்டம்.

முதல் முகாமில் கொசு.
பேசத் திறந்த வாய்க்குள்ளும் கொசு.
தலையில் வலை மாட்டி
ஓட்ஸ் கஞ்சியை வலைக்கு அடியில் கடத்தினோம்.
எம்மெட் ஒன்றரை மணி நேரம் பிந்தி வந்தான்.
வந்தவன் உட்காரவில்லை.
பையோடு ஒரு மரத்தில் சாய்ந்து நின்றான்,
உட்கார்ந்தால் எழ மாட்டோம் என்று
தெரிந்தவன் மாதிரி.
கோல்பி என்னைப் பார்த்தான்.
நான் கஞ்சியைப் பார்த்தேன்.

மறுநாள் கணவாய்.
ஜூலையிலும் பனி, அழுக்குப் போர்வையாய்.
பத்தடிக்கு ஒருமுறை நின்றான் எம்மெட்.
உதடு நீலம் பாய்ந்திருந்தது.
நான் திரும்பிப் போனேன்.
கூடாரத்தைக் கொடு என்றேன்.
கம்பிகளை வாங்கினேன், பானையை,
மாவில் பாதியை, தண்ணீர்ப் புட்டியை,
ஒவ்வொன்றாக என் பைக்கு மாற்றினேன்.
இன்னும் என்ன என்று அடியில் கை விடப் போனேன்.
"அங்கே ஒன்றுமில்லை" என்றான்,
"மழைச்சட்டைதான்."
கையை எடுத்துக்கொண்டேன்.
அதைத்தான் செய்தேன்.

அன்றிரவு ஜெபத்தில் ஹ்ரூஸ்கா
என் பெயரைச் சொல்லி நன்றி சொன்னார்.
பதினோரு ஆமென்.
கோல்பியுடையது கொஞ்சம் தாமதமாக வந்தது.

விடியலில் பார்த்தால்
என் பையின் தோள்வாரை மார்மோட் மென்று தின்றிருந்தது.
வியர்வை உப்புக்காக வருமாம்.
மீதி வழியெல்லாம் கயிற்றால் கட்டிச் சுமந்தேன்,
ஒரு தோள் மட்டும் அறுபட.
வலித்தபோது கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது,
அதை இப்போதுதான் சொல்கிறேன்.

மூன்றாம் நாள் மரமில்லாத வெளியில்
ஆலங்கட்டி மழை. கோலிக்குண்டு அளவு.
எம்மெட் பேசாமல் குடைகளை விரித்தான்.
இரண்டு குடைக்குள் பதின்மூன்று தலைகள்.
லோர்னாவின் ஈரத் தலைமுடி என் வாயில்.
யாரோ முதலில் சிரித்தார்கள்,
பிறகு எல்லோரும்,
எம்மெட் எல்லோரையும்விடச் சத்தமாக.
அப்போது சொல்லியிருக்கலாம்.

அக்டோபரில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்க
அவன் வீட்டுக்குப் போனேன்.
சோளம் அறுத்த வயலிலிருந்து
நேராக வீசும் காற்று.
சமையலறைக் கதவு அடித்துக்கொள்ளாமல்
முட்டுக் கொடுத்திருந்தது
வெள்ளை வரி போட்ட சாம்பல் நிறக் கல்.

"எனக்காக மலையிலிருந்து சுமந்து வந்தான், பைத்தியம்"
என்றாள் அவன் அம்மா, மாவுக் கையோடு.

எம்மெட் தட்டுத் துடைத்துக்கொண்டிருந்தான்.
திரும்பவில்லை.
துடைத்த தட்டையே
இன்னொரு முறை துடைத்தான்.

நோட்டுப் புத்தகத்தை வாங்கிக்கொண்டேன்.
வெளியே வர
அதைத் தாண்டித்தான் கால் வைக்க வேண்டியிருந்தது.