இடப்பக்க விளிம்பு

ஆறாவது வாரத்திலேயே என்றார் டாக்டர் ஹஸ்லினா,
தைப்பிங்கில், படத்தை வெளிச்சத்தில் பிடித்து.
ஒரு முள்ளெலும்பு பாதிதான் உருவானதாம்.
ஆறாவது வாரம்
எனக்கே தெரியாது.
பாகான் செராய் செம்பனை ஆலையில், இரவு ஷிப்டில்,
நாள் எண்ணாமல் லோரி எண்ணிக்கொண்டிருந்தேன்.

முதலாம் ஆண்டில் யுகேஸ்வரியின் நீலப் பினாஃபோர்
இடப்பக்கம் ஒரு விரல் இறங்கியது.
தையல் பிசகென்று பிரித்துத் தைத்தேன்.
மூன்றாம் ஆண்டில் இரண்டு விரல்.
அரை எலும்பும் வளருமாம்,
அது இருக்கும் பக்கம் மட்டும்.

பதினொரு வயதில் திடீரென்று நெடுத்தாள்.
மளிகைக்கடை ஆ கியோங்கூடக் கைதட்டினார்.
சுவரில் உயரம் குறிப்பதை
நான் அன்றோடு விட்டேன்.

நேற்றிரவு ஸ்டூல்மேல் அவள்,
வாயில் குண்டூசியோடு கீழே நான்.
"கோணலாவே வெட்டும்மா,
அப்பத்தான் நேரா நிக்கும்."