பத்தொன்பது கம்பங்கள்

கடிதத்தில் பணிவுக்குக் குறைவில்லை.
தங்கள் சாலையின் கடைசிக் கம்பம் நாற்பத்தொன்று,
தங்கள் வீடு அங்கிருந்து பத்தொன்பது கம்பம் தள்ளி,
விருப்பமிருந்தால் செலவு தங்களுடையது.
தொகையைப் பார்த்தேன்.
அந்தப் பணத்துக்குப் பழைய டிராக்டர் ஒன்று வாங்கலாம்,
அதுவாவது உழும்.

மேய்ன் மாநிலத்தின் வடக்கு மூலை இது.
உருளைக்கிழங்கு வயல், ஸ்ப்ரூஸ் மரங்கள்,
ஆற்றுக்கு அந்தப் பக்கம் கனடா.
சில இரவுகளில் என் கைபேசி எல்லை தாண்டிப் போய்
அயல்நாட்டுக் கோபுரத்தோடு குலாவிவிட்டு
ரோமிங் கட்டணத்தோடு வீடு திரும்பும்,
சாராயக் கடையில் கடன் சொல்லி வந்தவனைப்போல.

டாக்டர்களின் குரலைக் கேட்டுத் தட்டச்சு செய்வது என் பிழைப்பு.
ஏதோ ஊரில் யாருக்கோ ஈரல் வீங்கியிருக்கிறது.
'இடது' என்ற சொல்லோடு குரல் நின்று
திரையில் வட்டம் சுற்றத் தொடங்கும்.
இடது என்ன, சிறுநீரகமா, நுரையீரலா?
முகம் தெரியாத அந்த நோயாளியும் நானும்
காத்திருப்போம்.

சமையலறை மேசையில் மூன்று தாள்கள்.
ஒன்று வானத்திலிருந்து வருவது.
கூரைமேல் தட்டு வைக்க வேண்டும்,
வடக்கே வானம் திறந்திருக்க வேண்டும்.
வடக்கே எனக்கு இருப்பது அறுபதடி மரங்கள்.
அடுத்தது கூட்டுறவுக் கிடங்கின் கோபுரத்திலிருந்து.
விலை மலிவு, ஆனால் கோபுரம் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.
பொருத்த வந்த பையன் பைனாகுலரோடு கூரையேறி
"நடுவில் ஒரு களஞ்சியம் மறைக்கிறது, மேடம்" என்றான்.
யாருடையது என்று நான் சொல்லவில்லை.
ஷெர்வே, என் கணவரின் அண்ணன்.
ஒன்றரை அடி வேலித் தகராறில்
பதினோரு வருடமாகப் பேச்சில்லை.
கணவரை அடக்கம் செய்த அன்றுகூட
தொப்பியைத்தான் கழற்றினார்.

மூன்றாவது, சிம் போட்ட பெட்டி.
சிக்னல் எங்கே கிடைக்கிறதோ அங்கே வைக்கவும்
என்கிறது தாள்,
சோறு எங்கே இருக்கிறதோ அங்கே சாப்பிடவும் என்பதுபோல.

கைபேசியை ஏந்திக்கொண்டு நிலமெங்கும் நடந்தேன்.
சமையலறையில் ஒரு கோடு.
பரணில் இரண்டு, கையைத் தூக்கினால்.
கோழிக்கூட்டிலும் இரண்டு,
கோழிகளுக்குத்தான் சம்மதமில்லை.
பொழுது சாயும்போது காரை மேட்டுக்கு ஓட்டினேன்.

விளக்கணைத்த அவருடைய டிரக் அங்கே நின்றது.
எல்லா அந்தியிலும் நிற்பதுதான்.
என் வேலிக் கட்டைகளை எண்ணுகிறார் என்று
மாதா கோயில் முழுக்கச் சொல்லிவைத்திருந்தேன்.
கண்ணாடிக்குள் நீல வெளிச்சம்,
கம்பளித் தொப்பி,
உள்ளங்கை அளவில் ஒரு ஹாக்கி ஆட்டம்.
வலைக்கு ஒரு முழம் முன்னால் ஆட்டம் உறைந்தது.
அவர் உதடு அசைந்தது.
அவர்கள் வீட்டு ஆண்கள் எல்லோரும் சொல்லும்
அந்தப் பிரெஞ்சு வசவு.
நானும் தினம் சொல்வது, அதே வட்டத்தைப் பார்த்து.

பக்கத்தில் நிறுத்தினேன்.
ஈரல் முழுதாக வந்து சேர்ந்தது.
இடது, சிறுநீரகம்தான்.
வெகுநேரம் கழித்து அவர் ஜன்னல்
இரண்டு விரல்கடை இறங்கியது.
"உனக்கு எத்தனை கோடு?"
"நாலு."
"எனக்கு மூணுதான்,"
என்றார், அந்த ஒன்றாவது கோட்டையும்
நானே வளைத்துப் போட்டுக்கொண்டதுபோல.

இப்போது பெட்டி மேட்டுப் பம்ப் கொட்டகையில்,
வேலி ஓடும் கோட்டின்மேல் இருக்கிறது.
மின்சாரம் அவர் பக்கத்திலிருந்து,
பில் என் பெயரில்.
இரண்டு கூரைகளையும் பார்த்தபடி
இரண்டு சின்னத் தட்டுகள்.
எது எந்தப் பக்கம் என்று டேப் பிடித்து அளந்தாயிற்று,
பேச்சு வார்த்தை அதோடு சரி.

சனிக்கிழமை இரவு ஆட்டம் நடந்தால்
என் டாக்டர்கள் திக்குகிறார்கள்.
ஜன்னலைத் திறந்து அந்த வசவை உரக்கச் சொல்கிறேன்.
உறைந்த வயலுக்கு அப்பாலிருந்து
அவருடையதும் வருகிறது,
தெள்ளத் தெளிவாக,
கம்பியே இல்லாமல்.