கணக்கில் வராத வாட்

சாவியை நீட்டினார் பெக்கா யூஸ்திலா,
இவாலோ அஞ்சலகத்து மேலாளர்.
"புது வண்டி ஐலி, மின்சார வண்டி.
விளக்கும் எல்.இ.டி.
கண்ணுக்கு இருபது வாட்தான் கேட்கும்,
பழசு ஐம்பத்தைந்து குடித்தது.
மிச்சத்தைக் கணக்குப் போட்டுப் பார்."

போட்டேன்.
இரண்டு கண்ணுக்கு எழுபது வாட் மிச்சம்,
ஏழு மணி நேரச் சுற்று,
ஏறக்குறைய அரை யூனிட்.
இந்தக் குளிரில் அது ஒன்றரைக் கிலோமீட்டர்:
கடைசி மேட்டிலிருந்து சார்ஜர் வரை.
வேண்டாம் என்பேனா?

என் சொந்தக் காரில் செனான்.
முப்பத்தைந்து வாட், நீலம் தோய்ந்த வெள்ளை.
போட்டதும் எரியாது முழுசாக,
தூக்கத்தில் எழுப்பிய ஆள்போல
நாலைந்து நொடி முழிக்கும்.
பல்லாஸ்ட் போனபோது விலை கேட்டேன்.
அதற்கப்புறம் கொஞ்ச நாள்
எதன் விலையையும் கேட்கவில்லை.

டிசம்பர்.
சூரியன் எழாத வாரங்கள்.
மரம் ஏற்றிய லாரி ஒன்று
முன்னால் பனிமாவை இறைத்தபடி போகிறது.
சாலை சுருங்குகிறது,
என் கண்தான் மங்குகிறது என்று நினைத்தேன்.

இறங்கிப் பார்த்தால்
கண்ணாடிமேல் இரண்டு விரல் கனத்துக்குப் பனி.
உள்ளே விளக்கு எரிகிறது,
முட்டைக்குள் மஞ்சள் கரு மாதிரி.
அதன் சொற்பச் சூடும்
முதுகுப்பக்கம், அலுமினியத் தகடுகளுக்கு
ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கிறது.

பழைய ஹாலஜன் ஒரு மக்கு.
நூறு பங்கு மின்சாரம் கொடுத்தால்
தொண்ணூற்றுக்கு மேல் சூடாக்கிவிடும்.
விளக்கு வேடம் போட்ட அடுப்பு.
விரயம் என்று எழுதினோம், சரிதான்.
ஆனால் அதன் முகத்தில்
பனி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

கையுறையைக் கழற்றி
உள்ளங்கையைக் கண்ணாடியில் வைக்கிறேன்.
இருபது எண்ணுகிறேன்.
பதினேழில்
ஒரு கலைமான் சாலையைக் கடக்கிறது,
நின்று என்னைப் பார்க்கிறது,
வண்டிக்குக் காய்ச்சலா என்று
தொட்டுப் பார்க்கிறவளை.

சும்மா நிற்கும் உடம்பே
நூறு வாட் சூடு தருமாம்,
பள்ளியில் படித்தது.
அன்றைக்கு ஒன்பது முறை நிறுத்தினேன்.

பொட்டலம் வாங்கிய நீலஸ் மொரோட்டாயா
சிவந்த என் கையைப் பார்த்தான்.
கேட்கவில்லை. பொட்டலத்தைப் பிரித்தான்:
ஹாலஜன் பல்பு, ஒரு ஜோடி.
நானும் கேட்கவில்லை.

கண்ணாடிக்குச் சூட்டுக்கம்பி வைக்கலாம் என்றேன்.
"வைக்கலாம்தான்," என்றார் பெக்கா,
"அது வேறு முப்பது வாட் இழுக்கும்,
கணக்குக் கெட்டுவிடும்."

மாதப் படிவத்தில்
மின் சேமிப்பு: நன்று.
வெளிச்சம்: நன்று, துடைத்தால்.
இதர செலவு என்ற கட்டத்தில்
'ஒரு கை' என்று எழுதி
அடித்துவிட்டு,
கையுறை ஒரு ஜோடி கேட்டிருக்கிறேன்.