பதினேழு

கிரேஸி சிஸ்டர் தாளை முழங்காலில் வைத்துக்கொண்டு
கேட்டார்: ரிக்கெட்ஸ் என்றால் என்னவென்று தெரியுமா?
ஆம், இல்லை. இரண்டே கட்டம்.
நான் சொன்னது இரண்டிலும் அடங்காமல்
ஓரத்தில் பொடிப்பொடியாக எழுதிக்கொண்டார்.

கால் வளைவது இடுப்பில் தூக்குவதால்.
ஒன்பதாம் மாதமே நிற்க வைத்த அவசரத்தால்.
எண்ணெய் தேய்த்து நீவிவிடாமல் போன
அந்த ஒரு மழைவாரத்தால்.
என் நாத்தி அஞ்சலையைக் கேட்டால்,
மசக்கையில் நான் தின்ற அடுப்புச் சாம்பலால்.

பிள்ளையை வெயிலில் காட்டுவீர்களா?

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
நீடாமங்கலம் கொள்முதல் நிலையத்தில்
குறுவை அறுப்பு முழுக்க
வெயிலோடுதான் எனக்குக் குடித்தனம்.
ஐப்பசி மழை நனைத்த நெல்லைத்
தார்ரோட்டில் கொட்டி
காலால் கீறிக் கீறித் திருப்புவேன்.
ஈரம் பார்க்கும் மெஷினுக்கு முன்னால் என் பல் சொல்லும்.
ஒரு மணியைக் கடித்தால்
மெத்தென்றால் இருபது,
நறுக்கென்றால் பதினேழு.
எத்தனை நேர வெயில் எவ்வளவு ஈரம் குடிக்கும் என்று
என்னைக் கேட்டுத்தான் மூட்டை தைப்பார்கள்.

நிறைமதி
சாக்கு அடுக்குக்குப் பின்னால் நிழலில் கிடப்பாள்,
என் பழைய சேலையை முகம்வரை மூடிக்கொண்டு.
பொட்டைப்பிள்ளை.
என் நிறம் என்னோடு போகட்டும்.

சிஸ்டர் அதை மட்டும் எழுதவில்லை.
பேனாவை மூடினார்.
'என் மகளுக்கு நான் பூசாத கடலைமாவா' என்றார்,
என்னைப் பார்க்காமல்.
பிறகு சொட்டு மருந்து பாட்டில்,
திருவாரூரில் எக்ஸ்ரே எடுக்க ஒரு சீட்டு.
'கையும் காலும் வெளியே தெரியணும், கொஞ்ச நேரம் போதும்.'

மறுநாள் நெல்லின் ஓரத்திலேயே
சாக்கு விரித்து, சட்டையைக் கழற்றி,
அவளைப் படுக்க வைத்தேன்.
லோடு ஏற்றும் மாரியய்யா நின்று பார்த்தான்.
'என்னக்கா, இதையும் காயப்போட்டாச்சா?'
மூட்டைக்கு அடியிலிருந்து இன்னொரு குரல்:
'கறுத்துடும்.'

அவள் கண்ணைச் சுருக்கி இரண்டு முறை தும்மினாள்.
ஒரு நெல்லைப் பொறுக்கி வாய்க்குக் கொண்டுபோனாள்,
பிடுங்கினேன், அழுதாள்.
வளைந்த இடது முட்டியை
உள்ளங்கையால் மூடிப் பார்த்தேன். சூடு ஏறியிருந்தது.
கொஞ்ச நேரம் என்றால் எவ்வளவு நேரம், சிஸ்டர்?
கேட்காமல் விட்டுவிட்டேன்.
கடித்துப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் காரியமில்லை இது.

முதுகுப் பக்கமாகத்
திருப்பிப் போட்டேன்.