சில்லறை

மீதி ஐந்து ரூபாய்க்குப் பதில்
டீக்கடை ஏகாம்பரம் நீட்டிய குட்டி.
பெயரும் அதுவே ஆயிற்று.

ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில்
வெட்டியது போக மிஞ்சிய தோலில்
வார் தைத்தேன், இரட்டைத் தையல்.
மாட்டியதும் உட்கார்ந்துவிட்டான்
சத்துவாச்சாரி மூணாவது தெரு நட்டநடுவில்,
ஈர மாவு மூட்டை மாதிரி.

இழுத்தால் பின்கால் ஊன்றுகிறான்.
கெஞ்சினால் கொட்டாவி.
பொறையைத் தின்றுவிட்டு
மறுபடி உட்காருகிறான்.
"யாரை யாரும்மா வாக்கிங் கூட்டிப் போறது?"
பால்கார தேவநேசன்
பதிலுக்கு நிற்கவில்லை.

ஆறு மணிக்கே மொட்டைப் பாறை மலை
வெக்கையை அனுப்பத் தொடங்கியாயிற்று.
கம்பெனி பஸ் ஆறே முக்காலுக்கு.
போடா என்று வாரை விசிறிவிட்டு நடந்தேன்.
இஸ்திரி வண்டி, மூடிய ஜெராக்ஸ் கடை,
மெட்ரோ வாட்டர் தோண்டிப்போட்ட பள்ளம்.
பின்னால் தாரில் நகம் தேயும் சத்தம்.
நான் நின்றால் அதுவும் நின்றது.

சர்வீஸ் ரோட்டில் திரும்பிப் பார்த்தேன்:
வாரின் கைப்பிடியைத் தானே கவ்விக்கொண்டு
தன்னைத்தானே நடத்தி வந்திருக்கிறான்.
வாயெல்லாம் எச்சில்,
என் இரட்டைத் தையலில் ஒன்று பிரிந்து.

பஸ் வந்தது.
வீட்டுக்குப் போடா என்றேன்.

உட்கார்ந்துவிட்டான்.